மூத்தாளுக்கு ஒரு பூட்டு

அந்தத் தெருவில் அவருக்கு அப்கிரேடு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அலுவலக அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதை யாரும் தொந்தரவு செய்வதில்லை. உத்தியோகம் லிஃப்ட் ஆய்வாளர். ஊரிலுள்ள அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போய், லிஃப்டில் ஏறி, எல்லா மாடிக்கும் ஒரு தடவை போய்வந்து, கதவு திறக்கிறதா, மூடுகிறதா, அவசர மணி அடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளே மாட்டியிருக்கும் அட்டையில் 'ஆய்வு செய்தவர்' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்தாறு வருடமாக மேலே போய்க்கொண்டே இருக்கும் மனிதர். பதவியில் மட்டும் தரைத்தளத்தைத் தாண்டவில்லை.

லிஃப்டில் கோளாறு வந்தால் சரிசெய்ய வேறு ஆட்கள் வருவார்கள். அவர்கள் எண்ணெய்க் கையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று, "ம், அப்படித்தான்" என்பார். இருபத்தாறு வருடம் அப்படித்தான், அப்படித்தான் என்று சொல்லிப் பழகியவருக்கு, உலகத்திலுள்ள இயந்திரமெல்லாம் தன் சொல் கேட்டே ஓடுகிறது என்ற எண்ணம் வந்துவிட்டதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வீட்டுக்குப் பின்னால் மனைவியின் சலவைக்கூடம். ஆளுயரத் துவைக்கும் இயந்திரம் இரண்டு, நீராவி இஸ்திரிப் பெட்டி மூன்று, சுவரோரமாக வரிசையாகத் திரவ சோப்பு கேன்கள், வேலைக்கு நான்கு பெண்கள். நெடுஞ்சாலையில் இருக்கும் ஒரு விடுதிக்குப் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் இங்கிருந்துதான் போகின்றன. தினமும் காலை ஏழரைக்குள் போய்ச் சேர வேண்டும். அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்த விரிப்புகளால்தான். அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை, மறுத்ததும் இல்லை. கையெழுத்துப் போடாமல் விட்டுவைத்திருந்தார்.

வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை. அதற்குள் அந்தப் பழைய டீசல் பிக்கப். இருபத்திரண்டு வயது. ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் செங்கல் சுமந்து களைத்துப்போய், பதினொரு வருடத்துக்கு முன் இங்கே வந்தது. துணி கொண்டுபோக ஒரு வண்டி வேண்டும் என்று மனைவி கேட்டாள். அவர் இதைக் கொண்டுவந்து நிறுத்தினார். மனைவி அதற்கு வைத்த பெயர் மூத்தாள்.

"நம்ம கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவ எப்படி மூத்தாளாவா?" என்று ஒருமுறை கேட்டார்.

"காலையில எழுந்ததும் யாரு மூஞ்சியில முழிக்கிறீங்க? யாருக்கு உடம்பு சரியில்லைனா ஆபீசுக்கு லீவு போடுறீங்க? அவதான் மூத்தாள். நான் இடையில வந்தவ."

பிக்கப் வந்த அன்று அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினார். தேதி, நோய், செய்த வேலை, செய்தவர் என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தில் பதினொரு வருடமாக ஒரே கையெழுத்து.

வண்டிக்குச் செய்ய வேண்டியவை எவையோ அவற்றையும் செய்தார். பொய் சொல்லக் கூடாது. ஆயில் மாற்றினார், ஃபில்டர் மாற்றினார், குளிர்காலத்தில் ஹீட்டர் பிளக் மாற்றினார். ஆனால் அவற்றில் அவருக்கு ருசி இல்லை. பழையதைக் கழற்றி அதே மாதிரி புதியதை மாட்டுவதற்கு மூளை எதற்கு? வண்டியில் இல்லாத ஒன்றை வண்டிக்குக் கொடுப்பதுதான் கலை, அதற்குப் பெயர்தான் அப்கிரேடு என்பது அவர் கட்சி.

அப்படித்தான் கூரைமேல் ஆறு விளக்கு வந்தது. போட்டால் எதிர்வீட்டு மாடியறைவரை பட்டப்பகலாகும். காட்டுக்குள் ஓட்டுபவர்களுக்கான விளக்கு என்று பெட்டியில் போட்டிருந்தது. காட்டுக்கும் விடுதிக்கும் இடையில் மூத்தாள் எந்தப் பக்கம் போகிறாள் என்பதைப் பெட்டி கேட்கவில்லை. பிறகு ஒரு காற்றுக் குழல் வந்தது. வெள்ளத்தில் கழுத்துவரை முழுகினாலும் என்ஜின் மூச்சுவிட வேண்டும் என்று, பானட்டின் பக்கவாட்டிலிருந்து கூரைவரை யானைத் துதிக்கை போல ஏறும் குழாய். அந்த ஊரில் கொட்டித் தீர்த்த மழையிலும் தெருவில் நின்ற தண்ணீர் செருப்பைத் தாண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் டர்போ அழுத்தம் காட்டும் மானி. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில், வட்டமாக, சிவப்பு முள்ளோடு. மூத்தாளுக்கு டர்போ, அதாவது என்ஜினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கும் விசிறி, கிடையாது. பிறக்கும்போதே கிடையாது. அதனால் முள் எப்போதும் பூஜ்யத்தில் நிற்கும்.

"இது எதைக் காட்டுது அத்தான்?" என்று கேட்டான் மைத்துனன். மனைவியின் தம்பி, பழைய வண்டிகள் வாங்கி விற்பவன். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மூத்தாளைச் சுற்றி ஒரு நடை நடந்து, இரும்புக்கடைக்காரன் பார்வை ஒன்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"அழுத்தம்."

"பூஜ்யத்துல நிக்குதே."

"எவ்வளவு நிதானமா நிக்குது பாரு. அதுதான் இந்த என்ஜினோட குணம்."

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த துண்டை மடிக்க ஆரம்பித்தாள்.

*

பூட்டு வந்த கதை இப்படி.

தினமும் காலை ஆறு மணிக்கு அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிடுவார். என்ஜின் பதமாகச் சூடேற வேண்டுமாம். இரண்டு நிமிடத்தில் ஏறும் சூடுதான்; மிச்சம் முப்பத்தெட்டு நிமிடம் இவருடைய மகிழ்ச்சிக்கு. முன் இருக்கையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பூஜ்யத்தைப் பார்ப்பார். புகை தெருவைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போகும். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பல் மருத்துவர். வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வாய்நாற்றத்தைச் சகித்துவிட்டு, நல்ல காற்று வாங்கலாம் என்று வீடு கட்டியவர்.

நாற்பது நிமிடம் ஓடினால் டீசல் குறையும். அது அவருக்குத் தோன்றவில்லை. டீசல் குறைகிறது என்பது மட்டும் தோன்றியது. மருத்துவரிடமும் ஒரு டீசல் கார் இருக்கிறது என்பது அதற்கடுத்துத் தோன்றியது. இரண்டையும் கூட்டி, கீழே கோடு போட்டு, விடை கண்டுபிடித்துவிட்டார்.

"காலையில டாக்டர் நம்ம வண்டிப் பக்கத்துல நின்னாரு, பார்த்தியா?"

"புகையைக் குறைக்கச் சொல்ல வந்தாரு. நான்தான் பேசினேன்."

"அப்படித்தான் சொல்லுவாங்க."

ஒருநாள் மருத்துவரிடமே ஜாடையாகக் கேட்டுவிட்டார். இந்தத் தெருவில் டீசல் காணாமல் போகிறதாமே என்றார். மருத்துவர் யோசிக்கவே இல்லை. "எனக்கு டீசல் வேணும்னா உங்க புகையை ஒரு பாத்திரத்துல பிடிச்சு வடிச்சுக்குவேன் சார். அவ்வளவு தர்றீங்க."

அன்று முதல் இருவருக்கும் பேச்சில்லை. அப்கிரேடு உதிரிபாகக் கடைக்குப் போய் டீசல் டேங்குக்குப் பூட்டுப் போடும் மூடி ஒன்று கேட்டார். கடைக்காரர் ஒன்றை எடுத்துக் கொடுத்து, "இது வேற மாடல் வண்டிக்கு உள்ளது. மரை சேரும், ஆனா..." என்றார். அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது கடைக்காரருக்குத்தான் தெரியும். "சேருதில்ல? அது போதும்" என்று இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். பழைய மூடியை வாசலிலிருந்தே தெருமுனைக் குப்பைத்தொட்டியைப் பார்த்து வீசினார். அது தொட்டிக்குப் போனதா என்று பார்க்கவில்லை. சாவி இரண்டு. இரண்டையும் தன் இடுப்பிலேயே வைத்துக்கொண்டார். டீசல் போட வேண்டுமென்றால் மனைவி இவரைத்தான் கூப்பிட வேண்டும்.

புதிய மூடி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். பெட்ரோல் பங்கில் டீசல் அடிப்பவனை நிறுத்தி, மறுபடி கேட்கச் சொல்லுவார்.

"கேட்டியா? காத்துகூடப் போக முடியாது. அவ்வளவு இறுக்கம்."

நோட்டில் எழுதினார்: மூடி. மிகச் சிறப்பு.

*

முதல் தடவை நின்றது பூட்டுப் போட்ட மூன்றாவது வாரம். மனைவி ஓட்டிக்கொண்டிருந்தாள். விடுதிக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கையில் மூத்தாள் இருமி, இழுத்து, நின்றுவிட்டாள். இவர் அலுவலகத்தில் சொல்லிக்கொண்டு ஓடிவந்து, பானட்டைத் திறந்து, பேட்டரி முனைகளைச் சுரண்டித் துடைத்து இறுக்கினார். அதற்கு அரைமணி நேரம் ஆயிற்று. வண்டி ஓடியது. நோய்: பேட்டரி முனையில் பூஞ்சை.

இரண்டாவது தடவை டீசல் தீர்ந்துவிட்டதோ என்று கேனில் கொண்டுவந்து ஊற்றினார். உடனே ஓடியது. டேங்க் ஏறக்குறைய முழுதும் நிறைந்திருந்தது என்பது ஊற்றும்போதுதான் தெரிந்தது. நோய்: அடியில் தங்கிய கெட்ட டீசல். செய்த வேலை: நல்ல டீசல் கலந்தது.

மூன்றாவது தடவை டீசல் பம்பை ஸ்பேனரால் நாலு தட்டுத் தட்டினார், அரைமணி நேரம் யோசித்தார், ஓடியது. நோய்: பம்பில் சோம்பல்.

கடைசியாக எதைத் தொட்டாரோ அதுவே நோய். வண்டி ஓடியதோ, தொட்டதே மருந்து. சும்மா கிடந்தாலும் அரைமணியில் அது தானாக ஓடும் என்பது அவருக்குத் தெரிய வழியே இல்லை. அவர் ஒருநாளும் அதைச் சும்மா விட்டதில்லை.

மனைவிதான் ஒன்றைக் கவனித்தாள். "ஏங்க, நிக்கிற அன்னிக்கெல்லாம் முந்தின நாள் டேங்க் ஃபுல் பண்ணியிருக்கீங்க. அரை டேங்க் இருக்கிற அன்னிக்கு நிக்கவே இல்ல."

அவர் சிரித்தார். சின்னக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. "வயிறு முட்டச் சாப்பிட்டா நமக்கே நடை வராது. அது லோடு சம்பந்தப்பட்டது. உனக்குச் சொன்னாப் புரியாது."

அவள் சலவைக்கூடத்துக்குப் போனாள். அவளுக்குத் துணி கிடந்தது.

ஆனால் மூன்றாவது தடவை நின்றபோது விரிப்புகள் பத்து மணிக்குத்தான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தன. விடுதிக்காரர்கள் கூச்சல் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு சலவைக்காரரைப் பார்த்துக்கொள்வதாக மரியாதையாகச் சொன்னார்கள். அன்று மாலை மைத்துனன் வரவழைக்கப்பட்டான். கூடத்தில் மூன்று நாற்காலி. மனைவி நிற்கிறாள். அவள் நின்றுகொண்டு பேசினால் பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

"ஒரு மாசம் தம்பி அவன் வேனைத் தர்றான், துணி அதுல போகும். அந்த ஒரு மாசம் உங்களுது. என்ன வேணா பண்ணுங்க. மாசக் கடைசியில லோடு ஏத்தி விடுதி வரைக்கும் போய்த் திரும்பி வரணும். வழியில நின்னா, எது நின்னுச்சோ அதைத் தம்பி எடுத்துட்டுப் போயிடுவான். அப்புறம் ஒரு பேச்சு இல்ல."

"எடுத்துட்டுப் போய்?"

"உடைக்கக் கொடுத்துடுவேன் அத்தான். அந்த ஆறு விளக்கை மட்டும் நீங்க வெச்சுக்கலாம்."

அப்கிரேடு வாசலுக்குப் போய் மூத்தாளின் முன்பக்கத்தில் கை வைத்துக்கொண்டு நின்றார். கேலி செய்ய ஆயிரம் உண்டு. ஆனால் அந்த நேரத்து முகத்தைப் பார்த்திருந்தால் மைத்துனனே பேசாமல் போயிருப்பான். இருபத்தாறு வருடம் அடுத்தவர் இயந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டவருக்கு, தன் கையால் தொட்டுப் பார்க்க உலகத்தில் இருந்தது இது ஒன்றுதான்.

*

அந்த ஒரு மாதம் கொட்டகை ஆஸ்பத்திரியாயிற்று. டீசல் ஃபில்டர் மாறியது. டேங்கிலிருந்து என்ஜின்வரை போகும் குழாய் முழுவதும் மாறியது. நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி, துணியில் சுற்றி, பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார். "ஒண்ணும் இல்ல சார், நல்லா இருக்கு" என்றான் பட்டறைக்காரன். நன்றாக இருக்கிறது என்ற சொல் அவரை எவ்வளவு நோகடித்தது என்று பட்டறைக்காரனுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கி, டேங்கையே இறக்கினார். அதன் ஒரு பக்கம் பல் விழுந்த கிழவரின் கன்னம் மாதிரி உள்வாங்கிக் கிடந்தது. உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். வெளியிலிருந்து ஏதோ இடித்திருக்க வேண்டும். தெருவில் பின்பக்கமாகக் கார் எடுப்பவர் யார்? விடை எதிர்வீட்டு மாடியில் நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தது.

டேங்குக்குள் கட்டையை விட்டுக் கன்னத்தை நிமிர்த்தினார். உள்ளே கழுவினார், காயவைத்தார், வெளியே கறுப்பு பெயின்ட் அடித்தார். மறுபடி ஏற்றி மாட்டி, கைப்பம்பை அமுக்கி அமுக்கி, குழாயிலிருந்த காற்றை வெளியேற்றினார். கைப்பம்பு என்பது டீசல் ஃபில்டரின் தலையில் இருக்கும் ரப்பர்க் குமிழ். அமுக்கினால் டேங்கிலிருந்து டீசலை இழுக்கும், விட்டால் எழும்பும். எல்லாம் முடித்து, கடைசியாகத் துணியால் துடைத்துப் பளபளப்பாக்கி, அந்த மூடியைப் போட்டுப் பூட்டினார்.

தெருவைச் சுற்றி மூன்று கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்தார். பட்டாக ஓடியது. நோட்டில் இரண்டு பக்கம் எழுதினார்.

*

மாதக் கடைசி. காலை ஆறரை. விரிப்புகளும் உறைகளும் மூட்டை மூட்டையாகப் பின்னால் ஏறின. முந்தின மாலை அவர் பெட்ரோல் பங்குக்குப் போய், வாய் வரைக்கும் டீசல் நிரப்பிக்கொண்டு வந்திருந்தார்.

"அரை டேங்க் போதாதா?" என்றாள் மனைவி.

"இன்னிக்குக் குறையே இருக்கக் கூடாது."

அவர் ஓட்டினார். மனைவி பக்கத்தில். மைத்துனன் தன் வேனில் பின்னாலேயே வந்தான். வண்டியை இழுத்துக்கொண்டு போகும் கயிற்றைச் சுருட்டி, முன்கண்ணாடிக்குக் கீழே, இவர் கண்ணாடியில் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்திருந்தான்.

பத்து கிலோமீட்டர் போயிற்று. "பார்த்தியா?" என்றார். பன்னிரண்டு போயிற்று. "சத்தத்தைக் கேளு, தேன் மாதிரி இருக்கு" என்றார். பதினான்காவது கிலோமீட்டரில் தேன் கெட்டியாயிற்று. மிதித்தால் ஏறவில்லை. ஒரு இருமல். இன்னொரு இருமல். அவர் காலைத் தூக்கித் தூக்கி மிதித்தார். மூத்தாள் ஓரமாக ஒதுங்கி, ஒரு பெருமூச்சுக்கூட விடாமல் நின்றுவிட்டாள். டர்போ மானி பூஜ்யத்தில் நின்றது, நிதானமாக.

மைத்துனன் வேனை நிறுத்திவிட்டு வந்தான். கயிற்றை எடுத்துக்கொண்டுதான் வந்தான், ஆனால் பின்னால் மறைத்துப் பிடித்திருந்தான், அந்தளவுக்கு நல்லவன்.

அப்கிரேடு இறங்கிப் பானட்டைத் திறந்தார். பேட்டரியைத் தொட்டார். ஃபில்டரைத் தொட்டார். புதுக் குழாயைத் தடவிப் பார்த்தார். தொட எதுவும் மிச்சமில்லை, எல்லாமே புதுசு. கைப்பம்பை அமுக்கினார். அமுங்கியது. கையை எடுத்தார். அது எழும்பவில்லை. அமுங்கினபடியே, வற்றிய வயிறு மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. மறுபடி அமுக்கினார், அமுக்குவதற்கு ஒன்றும் இல்லை.

"அக்கா, மணி ஏழாகுது. மூட்டையை என் வண்டிக்கு மாத்திடலாம்" என்றான் மைத்துனன் மெதுவாக.

மனைவி இறங்கிவந்து பானட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். எழும்பாத அந்த ரப்பர்க் குமிழைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். இதை எங்கேயோ பார்த்திருக்கிறோம் என்கிற பார்வை.

"டேங்க் கன்னம் ஒட்டியிருந்துச்சுனு சொன்னீங்கல்ல?"

"டாக்டர் கார் இடிச்சது."

"இடுப்புல இருக்கிற சாவியைக் கொடுங்க."

அவர் காதில் சாவி என்ற சொல் மட்டும் விழுந்தது. வண்டியை ஒப்படைக்கச் சொல்கிறாள் என்று நினைத்தார். கொத்தை அவிழ்க்கத் தெரியாமல் அவிழ்த்து, அவள் கையில் வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். திரும்பிய பக்கத்தில் ஒரு வயல்வெளி இருந்தது. அதைப் பார்ப்பதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை, ஆனாலும் பார்த்தார்.

பின்னால் பூட்டு திரும்பும் சத்தம் கேட்டது. பிறகு 'புஸ்ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். இவர் பெட்ரோல் பங்கில் பெருமைப்பட்டுக்கொண்ட அதே சத்தம்தான், ஆனால் இப்போது நின்றபாடில்லை. உள்ளே 'டொங்' என்று டேங்கின் கன்னம் நிமிர்ந்தது. பானட்டுக்குள் அந்த ரப்பர்க் குமிழ், யாரும் தொடாமல், தானாக எழுந்து உட்கார்ந்தது.

"சோப்பு கேன்," என்றாள் மனைவி. "கீழே குழாயைத் திறந்துட்டு மேல் மூடியை இறுக்கி வெச்சா, ரெண்டு சொட்டு ஊத்திட்டு நின்னுடும். கேன் கன்னம் உள்ள போயிடும். நம்ம கூடத்துல புதுசா வர்ற பொண்ணுங்க எல்லாரும் முதல் நாள் பண்ற தப்பு இது. மேல கொஞ்சம் காத்து போனாத்தான் கீழ இறங்கும். பழைய மூடியில காத்துப் போக ஓட்டை இருந்திருக்கும். இதுல இல்ல. டேங்க் ஃபுல்லா இருந்தா உள்ள இருக்கிற காத்தும் கம்மி, அதான் அன்னிக்கு மட்டும் நிக்குது."

மைத்துனன் மூடியை வாங்கிப் புரட்டிப் பார்த்தான். வாயால் ஊதிப் பார்த்தான். "ஆமா. இது டேங்குக்குத் தனியா மூச்சுக் குழாய் இருக்கிற வண்டியோட மூடி. அத்தான், என்ஜினுக்குக் கூரை வரைக்கும் மூக்கு வெச்சீங்க, டேங்க்கோட மூக்கை அடைச்சுட்டீங்களே."

அவர் கைப்பம்பை நாலு அமுக்கு அமுக்கினார். வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். மூத்தாள் ஒரே தட்டில் எழுந்தாள்.

"ஆனா நின்னது நின்னதுதான் அக்கா," என்றான் மைத்துனன். வியாபாரி. "நின்னா நான் எடுத்துட்டுப் போகணும்னு நீதான் சொன்ன."

அப்கிரேடு ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மனைவி தம்பியின் கையிலிருந்த மூடியைப் பார்த்தாள். சாவிக் கொத்திலிருந்து மூடிச் சாவி இரண்டையும் கழற்றி, மூடியின் மேலேயே வைத்தாள்.

"சொன்னேன்ல? எடுத்துட்டுப் போ. நிறுத்தினது இதுதான்."

டேங்கின் வாயைத் திறந்து போட்டுக்கொண்டு போக முடியாது. அவள் ஒரு மூட்டையை அவிழ்த்து, விடுதி முத்திரை போட்ட தலையணை உறை ஒன்றை எடுத்து, நாலாக மடித்து, வாயில் கட்டி முடிச்சுப் போட்டாள். "தள்ளி உட்காருங்க" என்றாள். அவர் தள்ளி உட்கார்ந்தார். ஏழு இருபத்தாறுக்கு விடுதியில் இருந்தார்கள்.

துணியைச் சரிபார்க்கும் அம்மாள் எண்ணிவிட்டு, "தலையணை உறை ஒண்ணு குறையுதே" என்றாள்.

"அது வண்டி போட்டுக்கிட்டு இருக்கு" என்றாள் மனைவி.

*

வீடு திரும்பும்போது மூத்தாள் எங்கேயும் நிற்கவில்லை. கொட்டகைக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்து மருத்துவர் வந்தார். நேராக மனைவியிடம் போனார். கையில் ஒரு கறுப்பு மூடி.

"இது உங்க வண்டியோடதுதானே? எங்க கேட்டுக்கிட்ட கிடந்துச்சு. எப்பவோ கழண்டு விழுந்திருக்கும்னு எடுத்து வெச்சேன். கொடுக்கலாம்னு வந்தா சார் முகத்தைத் திருப்பிக்கிறாரு. இன்னிக்கு டேங்குல துணி கட்டியிருக்கிறதைப் பார்த்தேன். மூடி இல்லாம ஓட்டுறீங்களேன்னு மனசு கேட்கல."

அப்கிரேடு ஒரு கணம், திருட்டு நடந்தது உண்மைதான் போல என்று நினைத்தார், பொருள்தான் மாறிவிட்டது. பிறகு வாயைத் திறந்தார். "ரொம்ப நன்றி டாக்டர்" என்று வந்தது. அவருக்கே அது புதிதாக இருந்தது. மருத்துவர் வழக்கத்தால் அவருடைய பற்களைப் பார்த்துவிட்டுப் போனார்.

பழைய மூடி இரண்டு திருகில் உட்கார்ந்துகொண்டது. மையத்தில் குண்டூசி போகிற அளவு ஒரு துளை. இருபத்திரண்டு வருடம் யார் கண்ணிலும் படாமல் வேலை பார்த்திருக்கிறது.

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். தேதி போட்டார். நோய்: காற்றோட்டக் குறைபாடு. அது லிஃப்ட் அட்டைகளில் அவர் அடிக்கடி எழுதும் சொல். கை தானாக எழுதிவிட்டது. செய்த வேலை: பழைய மூடி மீண்டும் பொருத்தப்பட்டது. செய்தவர் என்ற கட்டத்துக்கு வந்தார். பேனா நின்றது. வெளியே துணி உதறும் சத்தம். ரொம்ப நேரம் யோசித்து, பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் கையெழுத்துப் போடாமல், 'நாங்கள்' என்று எழுதினார்.

மனைவி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"நாங்கள்னா யாரு? பல் டாக்டரும் சேர்த்தியா?"

"எழுதும்போது எட்டிப் பார்க்காதன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பேனாவைக் கொடுங்க."

அவர் கொடுக்காமல், 'நாங்கள்' என்பதைக் கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'மனைவி' என்று எழுதினார். அதோடு விட்டிருக்கலாம். அதற்குக் கீழே 'ஆய்வு செய்தவர்' என்று ஒரு வரி சேர்த்து, இருபத்தாறு வருடக் கையெழுத்தைப் போட்டார்.

அவள் படித்தாள். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு என்ஜின் ஸ்டார்ட் ஆனது. இரண்டு நிமிடம் ஓடியது. சலவைக்கூடத்திலிருந்து ஒரு பாத்திரம் தரையில் வைக்கப்படும் சத்தம், தேவைக்குச் சற்று அதிகமாகவே, கேட்டது. என்ஜின் நின்றது. எதிர்வீட்டு மாடியில் ஜன்னல் திறந்தது. அப்கிரேடு முன் இருக்கையிலேயே உட்கார்ந்து மிச்சக் காப்பியைக் குடித்தார். விடுதியின் தலையணை உறையை எடுத்து டர்போ மானியின் கண்ணாடியைத் துடைத்தார். முள் பூஜ்யத்தில் இருந்தது. அந்த வண்டியைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு பொய்கூடச் சொல்லாதது அது ஒன்றுதான்.